எட்மண்ட் பெக்கெரல்

அலெக்சாண்டர் எட்மண்ட் பெக்கெரல் (மார்ச் 24, 1820 – மே 11, 1891) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். ஒளி படுவதால் மின்னோட்டம் தோன்றும் ஒளிமின்னழுத்த விளைவை 1839 ஆம் ஆண்டில், தமது 19 ஆவது அகவையில் கண்டறிந்தார். சூரிய மின்கலங்கள் அனைத்திற்கும் இவ்விளைவே அடிப்படை. கதிரியக்க அலகான பெக்கெரல் இவரது மகன் ஆன்றி பெக்கெரலின் பெயரால் அமைந்தது. நான்கு தலைமுறை இயற்பியலாளர்களைக் கொண்ட குடும்பம் என்பதால், எட்மண்டின் கண்டுபிடிப்பை அவர் தந்தையின் பெயரில் குறிப்பிடும் பிழையும் காணப்படுகின்றது.

வாழ்க்கை

எட்மண்ட் பாரிசில் பிறந்தார். தந்தை அந்துவான் சேசர் பெக்கெரல் மின்வேதியியல் அறிஞர். பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தந்தையின் உதவியாளராக ஆய்வைத் தொடங்கிய எட்மண்ட், 1863 இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார். 1878 இல் தந்தை மறைந்தபின் அருங்காட்சியகத்தில் அவரது பதவியை ஏற்றார்.

ஒளிமின்னழுத்த விளைவு

அமிலக் கரைசலில் இரு பிளாட்டினத் தகடுகளை மின்வாய்களாக அமிழ்த்தி, ஒன்றின்மேல் மட்டும் ஒளி விழச் செய்தார். தகட்டின்மீது வெள்ளி குளோரைடு மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருந்தபோது மின்னோட்டம் கூடியது. நீலம், புறஊதாக் கதிர்களுக்கு விளைவு மிகுந்திருந்தது. படலம் ஒளியை உறிஞ்சுவதால் விடுபடும் மின்னூட்டங்கள் தகட்டுக்கும் கரைசலுக்கும் பிரிந்து செல்வதே இதற்குக் காரணம். எலக்ட்ரான் கண்டறியப்படாத அக்காலத்தில் இதனை விளக்க வழியில்லை. வெள்ளி குளோரைடு ஒளியில் சிதைந்து கருக்கும் என்பதால் இது பயனுள்ள மின்கலமாகவும் வளரவில்லை.

1954 இல் பெல் ஆய்வகம் உருவாக்கிய சிலிக்கான் மின்கலத்தில் நீர்மம் கிடையாது. ஆனால் 1991 இல் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிரெட்செலும் அறிவித்த மலிவு விலை மென்படல மின்கலம் பெக்கெரலின் அமைப்புக்கே நெருங்கியது. அதில் சில நானோமீட்டர் அளவுள்ள தைட்டானியம் டைஆக்சைடு துகள்களாலான படலத்தில் சாயம் ஏற்றப்பட்டு, மின்பகுளியுடன் தொடுமாறு வைக்கப்பட்டது. துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் படலத்தின் உட்பரப்பு பன்மடங்காகி, மிகுந்த சாயத்தை ஏற்கிறது. அதன் திறன் ஏறத்தாழ 7 விழுக்காடு. தூய சிலிக்கான் படிகம் இதற்குத் தேவையில்லை.

பிற ஆய்வுகள்

1848 இல், குளோரின் ஏற்றிய வெள்ளித் தகட்டில் சூரிய நிறமாலையை அதன் நிறங்களுடனேயே பதிவு செய்தார். அப்படத்தை நிலைப்படுத்த இயலாததால் இருளில் வைத்தே காக்க வேண்டியிருந்தது. ஒளியை நிறுத்திய பின்னும் ஒளிரும் பொருள்களை ஆராயப் பாசுபரோசுகோப் என்னும் கருவியை அமைத்தார். அவற்றுள் யுரேனியச் சேர்மங்களும் அடங்கும். அவர் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1896 இல், அத்தகைய சேர்மங்களிலிருந்தே ஆன்றி பெக்கெரல் கதிரியக்கத்தைக் கண்டறிந்தார்.