முகச் சிகிச்சையில் மூச்சுக்கு வழி அமைத்தவர்: மயக்கவியல் முன்னோடி ஐவன் மேகிலின் வாழ்க்கை

கல்யாண்: வாய்ப் புற்றுநோய்க்காகவும், விபத்தில் நொறுங்கிய தாடைக்காகவும் கல்யாணிலிருந்து பரேலுக்கும் பிற மும்பை மருத்துவமனைகளுக்கும் ரயிலேறும் நோயாளிகள், அறுவைச் சிகிச்சை நிபுணரின் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள். அந்தச் சில மணி நேரம் தங்கள் மூச்சைக் காத்த மயக்கவியல் நிபுணரின் பெயரைப் பெரும்பாலோர் அறிவதில்லை. வாயிலும் முகத்திலும் கத்தி வைக்கும்போது நோயாளி தடையின்றி மூச்சுவிட வழிகண்ட முன்னோடிகளில் முதன்மையானவர் அயர்லாந்தில் பிறந்த மருத்துவர் சர் ஐவன் மேகில்.

மற்ற அறுவைச் சிகிச்சைகளில் மருத்துவர் வயிற்றிலோ காலிலோ பணியாற்ற, மயக்கவியல் நிபுணர் தலைமாட்டில் அமர்ந்து மூச்சைக் கவனிக்கலாம். வாய், தாடைச் சிகிச்சையிலோ இருவருக்கும் வேண்டியது ஒரே இடம். முகமூடி வழியாக மயக்க மருந்து கொடுத்தால் கத்திக்கு இடமில்லை; முகமூடியை அகற்றினால் மயக்கம் தெளியும். வழியும் இரத்தமோ, உடைந்த பல்லோ மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

புணேயிலிருந்து லண்டன் வரை

முகச் சீரமைப்புக் கலையின் வேர் மகாராஷ்டிராவிலும் உண்டு. திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற வண்டியோட்டிக்கு, புணே அருகே நெற்றித் தோலைக் கொண்டு புதிய மூக்கு அமைக்கப்பட்டது. இச்செய்தி 1794-இல் லண்டன் இதழொன்றில் வெளியாகி ஐரோப்பிய மருத்துவர்களை வியக்க வைத்தது. அப்போது மயக்க மருந்து இல்லை. கவாஸ்ஜி விழித்திருந்தார், அவர் மூச்சை அவரே காத்துக்கொண்டார்.

1840-களில் ஈதரும் குளோரோஃபார்மும் வந்தபின் வலி போயிற்று; மூச்சைக் காக்கும் பொறுப்பு வேறொருவர் கைக்கு மாறியது. குளோரோஃபார்ம் மரணங்களை ஆராய ஹைதராபாத் நிஜாமின் ஆதரவில் 1888-இலும் 1889-இலும் இரு குழுக்கள் அமைந்தன. மயக்கத்தின்போது மூச்சையே கண்காணிக்க வேண்டும் என்று அவை வலியுறுத்தின. இதயத்தைப் பற்றிய அக்குழுக்களின் முடிவு தவறென்று பின்னர் தெரியவந்தாலும், மூச்சைக் குறித்த எச்சரிக்கை நிலைத்தது.

போர் காட்டிய வழி

முதல் குழு அமைந்த அதே 1888-ஆம் ஆண்டு, ஜூலை 23 அன்று, அயர்லாந்தின் லார்ன் நகரில் மேகில் பிறந்தார். 1913-இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரில் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் மருத்துவராகப் பணியாற்றினார். போர் முடிந்தபின், 1919-இல், லண்டனை அடுத்த சிட்கப் நகரின் குயின்ஸ் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். மயக்கவியலில் அவருக்கு அதுவரை பெரிய பயிற்சி ஏதும் இருந்ததில்லை.

பதுங்குகுழிப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கென்றே 1917-இல் திறக்கப்பட்ட மருத்துவமனை அது. நியூசிலாந்தில் பிறந்த ஹரால்ட் கில்லிஸ் அங்கே தாடையையும் உதட்டையும் மூக்கையும் கட்டம் கட்டமாகச் சீரமைத்து வந்தார். ஒரே வீரர் பலமுறை மயக்கத்துக்கு உள்ளாக வேண்டியிருந்தது.

மேகிலும் அவருடைய சக மருத்துவர் ஸ்டான்லி ரோபாதமும் முதலில், மெல்லிய குழாய் ஒன்றை மூச்சுக்குழலுக்குள் செலுத்தி, அதன் வழியே ஈதர் கலந்த காற்றை ஊதிச் செலுத்தினர். உள்ளே சென்ற காற்று குழாயைச் சுற்றி வாய் வழியாகவே வெளியேறியது. குனிந்து பணியாற்றிய அறுவைச் சிகிச்சை நிபுணரின் முகத்தில் ஈதர் ஆவியும் இரத்தத் துளிகளும் தெறித்தன. வெளிமூச்சுக்கு இரண்டாவது குழாய் ஒன்றைச் சேர்த்தனர். அதன்பின் எளிய தீர்வு புலப்பட்டது: அகலமான ஒரே குழாயின் வழியே நோயாளி தாமே உள்ளிழுத்து வெளிவிடலாம். தொண்டையின் எஞ்சிய இடத்தைத் துணியால் அடைத்தால் இரத்தம் கீழே இறங்காது.

சந்தையில் சுருளாகக் கிடைத்த ரப்பர் குழாயை வாங்கி, நோயாளிக்கேற்ற அளவில் மேகில் வெட்டிக்கொண்டார். சுருளின் வளைவு தொண்டையின் வளைவுக்குப் பொருந்தியது. மூக்கில் கோக்கைன் தெளித்து மரத்துப்போகச் செய்து, காலைக் காற்றை முகர்பவரைப் போலத் தலையை அமைத்து, குழாயின் முனையில் கேட்கும் மூச்சொலியை மட்டுமே துணைகொண்டு மூக்கின் வழியே குழாயை மூச்சுக்குழலில் சேர்க்கும் முறையில் அவர் தேர்ந்தார். இதனால் வாய் முழுவதும் அறுவைச் சிகிச்சை நிபுணருக்குக் கிடைத்தது. பிடித்திருக்கும் கை பார்வையை மறைக்காதபடி வளைந்த இடுக்கியை 1920-இல் வடிவமைத்தார். மேகில் இடுக்கி இன்றும் அறுவை அரங்குகளில் தவறாமல் காணப்படும் கருவியாகும்.

பின்னாளில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர், பிராம்ப்டன் மருத்துவமனைகளில் பணியாற்றி, நுரையீரல் அறுவைச் சிகிச்சைக்கான மயக்க முறைகளையும் வளர்த்தார். மயக்கவியலுக்குத் தனித் தகுதித் தேர்வு வேண்டும் என்று அவர் முயன்றதன் பயனாக 1935-இல் முதல் பட்டயத் தேர்வு நடந்தது. இந்தியாவில் பல தலைமுறை மருத்துவர்கள் பெற்ற டி.ஏ. பட்டயத்துக்கு அதுவே முன்னோடி. 1960-இல் சர் பட்டம் பெற்ற மேகில், 1986 நவம்பர் 25 அன்று தமது 98-ஆம் வயதில் காலமானார்.

இன்றைய சவால்

இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் உள்ளது. மகாராஷ்டிராவில் குட்காவுக்கு 2012-இல் தடை விதிக்கப்பட்டபோதும் பழக்கம் ஒழியவில்லை. பாக்கைத் தொடர்ந்து மெல்வோருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, ஒரு விரல் நுழையும் அளவுக்கே வாய் திறக்கும் நிலை ஏற்படுகிறது. அத்தகைய நோயாளியை முதலில் மயக்கிவிட்டுப் பிறகு குழாய்க்கு வழி தேடுவது ஆபத்தானது. எனவே அவர் விழித்திருக்கும்போதே மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்து, வளையும் ஒளியிழைக் கருவியின் மீது குழாயை ஏற்றிச் செலுத்துகின்றனர். மூக்கெலும்பும் நொறுங்கிய விபத்துகளில் தாடையின் கீழ் சிறு துளையிட்டுக் குழாயை வெளியே எடுக்கும் முறையை, மேகில் மறைந்த அதே 1986-இல், ஸ்பெயின் மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாண்டஸ் அல்தெமிர் வெளியிட்டார்.

கடினமான மூச்சுப்பாதையைக் கையாள, அகில இந்தியக் கடின மூச்சுப்பாதைச் சங்கம் 2016-இல் நெறிமுறைகளை வெளியிட்டது. முயற்சியின்போதும் மூக்கு வழியே ஆக்சிஜன் தொடர வேண்டும், மூன்று முறைக்கு மேல் முயலக் கூடாது, உதவியை முன்கூட்டியே அழைக்க வேண்டும் என்பவை அவற்றின் சாரம்.

சிகிச்சை முடிந்தபின்னும் அபாயம் நீங்குவதில்லை. வீக்கம் மூச்சுப்பாதையை அடைக்கலாம் என்பதால் சிலருக்கு இரவு முழுவதும் குழாய் நீடிக்கும். சிலருக்குக் கழுத்தில் துளையிட்டு வழி அமைக்கப்படும். தாடைகளைக் கம்பியால் இணைத்துக் கட்டிய நோயாளியின் படுக்கையருகே கம்பி வெட்டும் கருவி இருக்க வேண்டும்.

குட்கா, பாக்குப் பழக்கம், உறக்கத்தில் பலத்த குறட்டை, ஆடும் பற்கள், செயற்கைப் பற்கள், முன்பு மயக்க மருந்தின்போது நேர்ந்த சிக்கல் ஆகியவற்றை மறைக்காமல் மயக்கவியல் நிபுணரிடம் சொல்வது நோயாளியின் கடமையாகும். குழாயை எந்த வழியில் செலுத்துவது என்பது அந்தப் பதில்களையும் பொறுத்தே முடிவாகிறது.