அரக்குத் தட்டில் எஞ்சிய குரல்

தமிழ் நாடக மேடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் செங்கோட்டைக் கிட்டப்பாவின் பெயரைக் கூறாது மேற்செல்ல இயலாது. 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் பிறந்து, 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் மறைந்த அப்பெருங்கலைஞர் இவ்வுலகில் வாழ்ந்தது 27 ஆண்டுகளே. தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாஸ் 1931இல் வெளிவந்துவிட்டபோதிலும் கிட்டப்பா எப்படத்திலும் தோன்றினாரில்லை. ஆகவே அவர் நடந்ததையும் நின்றதையும் நகைத்ததையும் நாம் காண வழியில்லை. எஞ்சியவை சில இசைத்தட்டுகள் மாத்திரமே. ஒரு பெருங்கலை மும்மூன்று நிமிடத் துண்டுகளாக நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றையே ஈண்டுச் சொல்ல விழைகின்றேன்.

கிட்டப்பாவின் இயற்பெயர் இராமகிருஷ்ணன். தந்தையார் கங்காதர ஐயர். வறுமை வாட்டிய குடும்பம். ஆதலால் பள்ளிக்குச் செல்லவேண்டிய வயதிலே உடன்பிறந்தாரோடு நாடகக் குழுவிற் சேரவேண்டியவரானார். அக்காலத்துப் பாலர் நாடக சபைகளே ஏழைச் சிறுவருக்கு உணவுச்சாலை; அவையே கல்விச்சாலையும். நாடகத் தமிழின் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் நிழலில் அவர் பயின்றார். சந்தம் பிறழாமற் பாடுதல், ஒலி சிதையாமற் சொல்லுதல், பொருள் விளங்க நிறுத்துதல் ஆகிய மூன்றும் அங்கே செவிவழியாகவே கற்பிக்கப்பட்டன. ஏட்டைப் பார்த்துப் படித்தவரினும் செவியாற் கேட்டுப் படித்தவர் சொல்லை மிகுதியாகப் போற்றுவர் என்பது ஆசிரியத் தொழிலில் நான் கண்ட உண்மை. பின்னர்ப் பேரும் பொருளும் பெற்றிருந்த கன்னையா கம்பெனியிற் சேர்ந்து தசாவதாரம் முதலிய நாடகங்களில் நடித்தபோது அவர் புகழ் நாடெங்கும் பரவிற்று. அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்கத் தம்பி பாடுவது ஒரு தனிக் காட்சியாயிற்று.

அந்நாளில் மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. தகரக் கொட்டகையின் கடைசி வரிசையிலே மண் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் சொல் சென்று சேரவேண்டும். எனவே உச்ச சுருதியிற் பாட வல்லவரே நடிகராக நிலைபெற்றனர். பலர் உரத்துப் பாடிக் குரலைக் கெடுத்துக்கொண்டனர். கிட்டப்பாவின் குரலோ உயர உயர இனிமை மிகுந்தது. கச்சேரி வித்துவான்களும் அக்குரலை விரும்பிக் கேட்டனர்.

நம் இலங்கைக்கும் அவர் வாழ்க்கையில் ஓரிடம் உண்டு. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற்போக்குவரத்து ஏற்பட்டபின், தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் கொழும்புக்கு வந்து மாதக்கணக்கில் தங்கி ஆடுவது வழக்கமாயிற்று. 1926ஆம் ஆண்டையொட்டிக் கொழும்பு மேடையிலேதான் கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் முதன்முதல் இணைந்து நடித்தனர். வேறு வேறு குழுவினர் ஒத்திகையின்றி மேடையிற் சந்தித்து, பாட்டுக்குப் பாட்டும் சொல்லுக்குச் சொல்லுமாகத் தொடுக்கும் நாடகங்களை அக்காலத்தில் ஸ்பெஷல் நாடகம் என்பர். வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் நிகழ்த்தும் தர்க்கம் அவற்றுள் தலையாயது. அம்மேடையிற் போட்டியாளராக நின்ற இருவரும் 1927இல் மணவாழ்க்கையில் இணைந்தனர்.

இனி இசைத்தட்டின் கதைக்கு வருவோம். அந்நாளைய 10 அங்குலத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட பாட்டே அடங்கும். பாடகர் பாடப் பாட, சுழலும் மெழுகுத் தட்டில் ஊசி வரி கீறும். மெழுகிலிருந்து உலோக அச்சு எடுத்து, அவ்வச்சினால் அரக்குக் கலவையிற் தட்டுகளை அழுத்தி விற்பர். பதித்த மெழுகை ஓடவிட்டுக் கேட்டால் வரி சிதைந்துவிடும். இடையிலே பிழை நேர்ந்தால் வெட்டி ஒட்டவும் இயலாது. முதலிலிருந்து மீண்டும் பாட வேண்டியதே. 1925க்குப்பின் மின்முறைப் பதிவு வந்து ஒலிவாங்கி நுண்மையாகக் கேட்கத் தொடங்கியது. ஆயிரம் பேருக்குக் கேட்குமாறு பாடிப் பழகியவர் கைக்கெட்டும் தூரத்திலுள்ள கருவிக்குப் பாட வேண்டியவரானார். விடியுமட்டும் பாடியவர் மூன்று நிமிடத்தில் முடிக்க வேண்டியவரானார்.

இவ்விரு கட்டுப்பாட்டுக்குள்ளும் கிட்டப்பா செய்துகாட்டியது வியப்புக்குரியது. இராமலிங்க அடிகளாரின் 'கோடையிலே' எனத் தொடங்கும் அருட்பாவை அவர் பாடிய தட்டைக் கேளுங்கள். விருத்தம் என்பது தாளக்கட்டின்றிப் பாடகரின் மனப்போக்கில் விரிவது. மேடையில் அதற்கு எல்லையில்லை. தட்டிலோ ஒவ்வோர் அடிக்கும் இவ்வளவே இடம் என்ற அளவு உண்டு. அவர் அவசரப்படவில்லை. சொல்லை முதலில் தெளிவாக நிறுத்துகிறார். பின்னரே இசையை உயர்த்துகிறார். இப்பாடலை வகுப்பிற் கற்பிக்கும்போது உரை சொல்லுமுன் அத்தட்டைக் கேட்பிப்பது என் வழக்கம். சீர் எங்கே பிரிகிறது, பொருள் எங்கே முடிகிறது என்பதை மாணவர் உரையின் துணையின்றியே உணர்ந்துகொள்கின்றனர். தியாகராஜ சுவாமிகளின் எவரனி என்னும் கீர்த்தனையும் அவர் தட்டினாலேயே கச்சேரி மண்டபத்தின் படியேறாத எளிய மக்களின் செவிக்கும் எட்டியது.

எனினும் தட்டினால் வந்த ஒரு விளைவை நாம் மறத்தல் ஆகாது. மேடையில் அவர் ஒரு பாட்டை ஒருநாள் பாடியவாறு மறுநாள் பாடியிரார். தட்டோ ஒருநாட் பாட்டையே என்றைக்கும் உரிய பாட்டாக்கிவிட்டது. பின்வந்தோர் அதையே மூலபாடமாகக் கொண்டு, மூச்சு விடும் இடம்வரை மனப்பாடம் செய்தனர். பல ஏடுகளுள் ஒன்று அச்சேறியதும் ஏனையவற்றின் பாடபேதங்கள் மறக்கப்படுவது போன்றது இது. ஆனால் மரபு அதனோடு நின்றுவிடவில்லை. கிட்டப்பா மேடையிற் பாடிப் பெயர்பெற்ற 'காயாத கானகத்தே' என்னும் வள்ளி திருமணப் பாடலை, 1945இல் ஏ. வி. மெய்யப்பன் எடுத்த ஸ்ரீவள்ளி படத்தில் டி. ஆர். மகாலிங்கம் பாடினார். கிட்டப்பாவின் பாணியைப் பின்பற்றி வளர்ந்தவர் அவர். ஆயினும் அப்பாட்டைத் தம் குரலுக்குரியதாகவே ஆக்கிக்கொண்டார். மேடையிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து வானொலிக்கும் சென்ற அப்பாட்டு இன்று மாணவரின் கைப்பேசியிலும் ஒலிக்கிறது.

கிட்டப்பாவின் இறுதிக்காலம் இனியதன்று. நோய் அவரை வாட்டியது. மனைவியாரோடு பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. அவர் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று உடுத்த வெள்ளாடையை அவ்வம்மையார் 1980இல் மறையும்வரை களையவில்லை. ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்றும் உறுதிபூண்டார். 1935இல் வந்த பக்த நந்தனார் படத்திற்கு ஓர் இலட்சம் ரூபா பெற்று நடித்தபோதும் அவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண்வேடமே. பிரிந்துபோனவரின் குரலைத் தட்டிலே கேட்கக்கூடிய முதற் தலைமுறைக் கைம்பெண்களுள் ஒருவர் அவர் என எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

எங்கள் கல்முனைக்கு அயலேயுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளின் பெரும்பணியை இவ்விடத்தில் நினைத்தல் தகும். பண்டைத் தமிழரின் யாழிசை எவ்வாறு ஒலித்தது என்பதைக் கேட்டறிய அடிகளுக்கு ஒரு தட்டும் இல்லை. சிலப்பதிகாரத்துச் சொற்களையும் உரையாசிரியர் குறிப்புகளையும் கணக்கையும் துணைக்கொண்டு நெடுங்காலம் உழைத்து யாழ்நூலை இயற்றினார். அந்நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். பதியப்படாத இசையை மீட்க ஒரு பேரறிஞரின் வாழ்நாள் வேண்டியிருந்தது. பதியப்பட்ட இசைக்கோ ஓர் ஊசியும் ஒரு தட்டும் போதியனவாயின.

இவ்வேறுபாடு இக்கரையில் வாழும் நமக்கு ஒரு கடமையை உணர்த்துகிறது. நம் முஸ்லிம் ஊர்களின் மூதாட்டியர் சொல்லும் கவிகளும், தாலாட்டுகளும், அண்ணாவிமார் ஆட்டுவிக்கும் பொல்லடிப் பாட்டுகளும், பக்கீர்மாரின் பைத்துகளும் செவிவழியாகவே வாழ்பவை. அவற்றின் சொற்களைத் தொகுத்து நூலாக்கிய அறிஞருக்கு நாம் கடப்பாடுடையோம். ஆனால் சொல்லை அச்சிடலாம். கவியின் ஈற்றடியில் குரல் தாழ்ந்து நிற்பதை அச்சிட இயலாது. கிட்டப்பாவின் காலத்தில் ஒலியைப் பதியக் கம்பெனியும் மெழுகும் மின்பொறியும் வேண்டியிருந்தன. இன்று அக்கருவி நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. ஆசிரியர்கள் விடுமுறைப் பாடமாக மாணவரைத் தத்தம் பாட்டிமாரிடம் அனுப்பிவைப்பாராக. பாடுபவர் பெயரும் ஊரும் நாளும் குறித்து ஒரு கவியேனும் பதிந்து வரட்டும். 27 வயதில் மறைந்தவரின் குரலே இன்றும் நமக்குக் கிட்டுமாயின், நம்மிடையே இன்றும் வாழ்வோரின் குரலை நழுவவிடுதல் நம் தலைமுறைக்கு அழகன்று.