வர்ஜீனியா அப்கார் அம்மையார்

பேறுகளுள் மக்கட்பேறே தலையாயது என்பது நம் முன்னோர் கொள்கை. ஆயினும், அப்பேறு கைக்கு எட்டிய நாளிலேயே கைநழுவிப் போதலும் உண்டு. 1930ஆம் ஆண்டு முதல் 1950ஆம் ஆண்டு வரை அமெரிக்க நாட்டில் மருத்துவக் கலை பெரிதும் வளர்ந்தது. குழந்தைகளின் இறப்பும் படிப்படியாகக் குறைந்து வந்தது. எனினும், பிறந்த முதல் நாளிலேயே மாளும் குழந்தைகளின் தொகை மட்டும் குறைந்தபாடில்லை. மகப்பேறு பெரும்பாலும் மருத்துவமனைகளிலேயே நிகழத் தொடங்கிய பின்னரும் இந்நிலை மாறவில்லை. இக்குறையைப் போக்குதற்கு எளியதொரு வழி கண்டவர் வர்ஜீனியா அப்கார் என்னும் மருத்துவ அம்மையார் ஆவர்.

இவர் நியூஜெர்சி மாநிலத்தைச் சார்ந்த வெஸ்ட்பீல்டு என்னும் ஊரில் 1909ஆம் ஆண்டு சூன் திங்கள் 7ஆம் நாள் பிறந்தார். இவருடைய தந்தையார் ஓய்வு நேரங்களில் விண்மீன்களை ஆராய்வதிலும் வானொலிக் கருவிகளை அமைத்துப் பார்ப்பதிலும் இன்பம் கண்டவர். இல்லத்தில் இசையும் தழைத்திருந்தது. வர்ஜீனியா இளமையிலேயே வயலின் பயின்றார். ஆனால், அவ்வில்லத்தில் துன்பமும் புகுந்தது. தமையன்மார் இருவருள் ஒருவர் காசநோயால் குழந்தைப் பருவத்திலேயே இறந்தார். மற்றவர் நெடுநாள் பிணியால் வருந்தினார்.

மௌண்ட் ஹோலியோக் கல்லூரியில் பயின்ற காலத்தில், செலவுக்குப் போதிய பொருளின்மையால், வர்ஜீனியா பல சிறு வேலைகளைச் செய்தார். விலங்கியல் ஆய்வுக்கூடத்திற்கு வேண்டிய பூனைகளைப் பிடித்துத் தருதலும் அவற்றுள் ஒன்று. 1929ஆம் ஆண்டு பட்டம் பெற்று, நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவ்வகுப்பில் தொண்ணூறு மாணாக்கருள் பெண்கள் ஒன்பதின்மரே. 1933ஆம் ஆண்டில் நான்காம் இடம் பெற்றுத் தேறினார்.

அறுவை மருத்துவராதல் வேண்டும் என்பதே அவர் வேட்கை. அப்பயிற்சியையும் தொடங்கினார். ஆனால், அத்துறையின் தலைவராகிய ஆலன் விப்பிள் அவருக்கு வேறொரு வழியைக் காட்டினார். அந்நாளில் நாடெங்கும் பொருளாதார நெருக்கடி சூழ்ந்திருந்தது. பெண்ணொருவர் அறுவை மருத்துவராய் நிலைபெறுதல் அரிதாயிருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் பணியோ பெரும்பாலும் செவிலியர் கையில் இருந்தது. அது தனித்துறையாய் வளராவிடின் அறுவை மருத்துவமும் வளராது என்பதை விப்பிள் உணர்ந்திருந்தார். வர்ஜீனியா மனந்தளராது புதிய துறையைப் பயின்று, 1938ஆம் ஆண்டில் அதே மருத்துவமனையில் மயக்க மருத்துவப் பிரிவின் தலைவரானார். 1949ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் முழுப் பேராசிரியராக உயர்ந்த முதற்பெண் என்னும் பெருமையும் எய்தினார். ஆட்சிப் பொறுப்பு நீங்கியமையால், மகப்பேற்றின்போது தாயர்க்குக் கொடுக்கும் மயக்க மருந்துகளை ஆராய்வதில் முழுமையாக ஈடுபட்டார்.

மகப்பேற்று அறையில் அவர் கண்ட காட்சி அவர் உள்ளத்தை வருத்தியது. குழந்தை பிறந்தவுடன் அங்குள்ளோர் கவலை பெரும்பாலும் தாயைப் பற்றியதாகவே இருந்தது. குழந்தை நலமுடன் உளதா என்பதை அறிய உறுதியான முறை ஒன்றும் இல்லை. அழாமலும், நீலம் பாய்ந்தும், துவண்டும் கிடந்த குழந்தைகளுள் சில பிழையாவென்று ஒதுக்கப்பட்டன. உடனே மூச்சளித்திருந்தால் அவற்றுள் பல பிழைத்திருக்கும்.

ஒருநாள் காலை, மருத்துவமனை உணவுச்சாலையில் அம்மையார் அமர்ந்திருந்தபோது, புதிதாய்ப் பிறந்த குழந்தையின் நிலையை மதிப்பிடுவது எப்படி என்று மாணவர் ஒருவர் வினவினார். அம்மையார் அது மிக எளிது எனக் கூறி, கைக்குக் கிட்டிய தாள் ஒன்றில் ஐந்து குறிகளை எழுதினார். எழுதியதோடு அமையாமல், அவை பயன்படுமா என ஆராயப் பேற்றறைக்கு விரைந்தார்.

அவ்வைந்து குறிகள் நெஞ்சத் துடிப்பு, மூச்சு, தசையின் உறுதி, தூண்டினால் எழும் எதிர்ச்செயல், உடலின் நிறம் என்பன. ஒவ்வொன்றிற்கும் சுழி, ஒன்று, இரண்டு என மதிப்பெண் இடப்படும். நெஞ்சத் துடிப்பு இல்லையெனில் சுழி, நிமிடத்திற்கு 100-க்குக் குறைந்தால் ஒன்று, மிகுந்தால் இரண்டு. குழந்தை வீறிட்டு அழுதால் மூச்சிற்கு இரண்டு; மூச்சுச் சீரின்றி இருந்தால் ஒன்று. ஐந்தையும் கூட்டினால் நிறைமதிப்பு பத்து. பிறந்து ஒரு நிமிடம் ஆனவுடன் இதனைக் கணித்தல் வேண்டும். பிற்காலத்தில் ஐந்தாம் நிமிடத்திலும் கணிக்கும் வழக்கம் ஏற்பட்டது. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. கண்ணும் செவியும் கையும் கடிகாரமும் போதும். பேறு பார்த்த மருத்துவரே மதிப்பிடலாகாது, மற்றொருவரே மதிப்பிடல் வேண்டும் என்றும் அம்மையார் வற்புறுத்தினார். தம் செயலைத் தாமே அளப்பவர் நடுநிலை பிறழக்கூடும் அன்றோ?

இம்முறையை அவர் 1952ஆம் ஆண்டு அறிஞர் அவையில் எடுத்துரைத்து, 1953ஆம் ஆண்டு அச்சில் வெளியிட்டார். பின்னர், டங்கன் ஹாலடே, ஸ்டான்லி ஜேம்ஸ் என்னும் மருத்துவர்களுடன் கூடி, குழந்தைகளின் குருதியையும் ஆராய்ந்தார். மதிப்பெண் குறைந்த குழந்தைகளின் குருதியில் உயிர்வளி குறைந்தும் அமிலத்தன்மை மிகுந்தும் இருத்தல் புலனாயிற்று. தாயர்க்குக் கொடுக்கப்பட்ட சைக்ளோபுரொப்பேன் என்னும் வாயு குழந்தைகளைச் சோர்வுறச் செய்தலும் தெரிந்தது. அவ்வாயு அம்மையார் பெரிதும் விரும்பிக் கையாண்டது. எனினும், உண்மை தெரிந்தவுடன் மகப்பேற்றில் அதனை அறவே கைவிட்டார். பிறர் பிழையைக் காண்பது எளிது. தம் விருப்பத்திற்கு மாறான உண்மையை ஏற்பதே அரிது. பின்னர்ப் பன்னிரண்டு நிறுவனங்கள் கூடி 17,221 குழந்தைகளை ஆராய்ந்து, இம்முறையின் பயனை உறுதிப்படுத்தின.

அம்மையார் 1959ஆம் ஆண்டில் பொதுச் சுகாதாரத் துறையில் பட்டம் பெற்று, பிறவிக் குறைகளைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டார். கருவுற்ற தாயரைப் பற்றிக் கருவையும் தாக்கும் ரூபெல்லா என்னும் அம்மை நோய்க்குத் தடுப்பூசி இடுமாறு நாடெங்கும் பரப்பினார். வழியில் எவரேனும் மூச்சடைத்து வீழ்ந்தால் காக்கும்பொருட்டு, அதற்குரிய குழாயையும் சிறு கத்தியையும் எப்பொழுதும் தம் பையில் வைத்திருந்தார். வயலின் முதலிய இசைக் கருவிகளைத் தம் கையாலேயே செய்தும் மகிழ்ந்தார். 1974ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், தாம் பயின்று பணிபுரிந்த மருத்துவ நிலையத்திலேயே உயிர் நீத்தார்.

இன்று உலகின் பல பகுதிகளிலும் குழந்தை பிறந்தவுடன் இடப்படும் மதிப்பெண் அவர் பெயராலேயே வழங்குகிறது. அது குழந்தையின் அறிவையோ எதிர்காலத்தையோ அளப்பதன்று. பிறந்த பொழுதில் அதன் நிலை யாது என்பதையே காட்டுவது. மூச்சற்ற குழந்தைக்கு உதவி புரிய அம்மதிப்பெண்ணை எதிர்பார்த்து நிற்றலும் கூடாது. எனினும், பிறந்த குழந்தை ஒவ்வொன்றையும் ஒருவர் கூர்ந்து நோக்கியே ஆகவேண்டும் என்னும் நெறியை அது நிலைநாட்டியது. மாணவர் ஒருவரின் வினாவை எளிதென்று தள்ளாது, தாளில் எழுதிய விடையையும் முடிந்ததென்று கொள்ளாது, ஆராய்ந்து தெளிந்த அம்மையாரின் உழைப்பால் எண்ணிறந்த குழந்தைகள் உயிர் பிழைத்தன. கருத்துடன் நோக்குதலும் நேர்மையுடன் குறித்தலுமே அறிவியலின் இரு கண்கள் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.