வேலூர் ஐடா அம்மையார்



பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் நம் அம்மாபேட்டைத் தறி வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: பிள்ளையை எதில் சேர்ப்பது? நர்சிங் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் பலர். எந்தக் கல்லூரி நல்லது, எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டுப் பெற்றோர் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்காக இவ்வாரம் ஒரு பெண்மணியின் சரித்திரத்தைச் சொல்லுகிறேன். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். அமெரிக்கப் புரொட்டஸ்டாண்டு மிஷனைச் சேர்ந்தவர். ஆனாலும் பிறர்சிநேகத்துக்கு அவர் நல்ல மாதிரி.

ஐடா ஸ்கடர் 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் 1819-ல் இலங்கைக்கு வந்த வைத்தியர், தகப்பனாரும் வைத்தியர். நம் சேலம் ஜில்லாவை வாட்டி வதைத்த 1876–78 பஞ்சத்தைச் சிறுமி ஐடாவும் கண்டாள். பசியால் மடிந்த குழந்தைகளைப் பார்த்த அந்தக் கண்கள் இத்தேசத்தை விட்டு ஓடவே விரும்பின. அமெரிக்காவில் படித்துச் சுகமாக வாழ வேண்டுமென்பதே அவள் எண்ணம். தாயாருக்கு உடல்நலமில்லை என்று கேட்டு 1890-ல் திண்டிவனம் வந்தபோதுகூட, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தாள்.

அங்கே ஓர் இரவு, பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு ஒரு பிராமணர் வந்தார். என் தகப்பனார் வைத்தியர், அவரை அழைத்துப் போங்கள் என்றாள் ஐடா. அந்நிய ஆண் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அவருக்குப் பின் ஒரு முஸ்லிம், அவருக்குப் பின் இன்னொரு மேல்சாதிக்காரர், ஒரே இரவில் மூவர் அதே காரியமாய் வந்தார்கள். மூவரும் அப்படியே திரும்பிப் போனார்கள். ஐடாவிடம் இரக்கம் இருந்தது, படிப்பு இல்லை. விடியற்காலையில் சாவுப் பறை கேட்டது. விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

வாசகரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். இரக்கம் மாத்திரம் போதுமானால் அம்மூவரும் பிழைத்திருப்பார்கள். நோயாளியிடம் அன்பு காட்டினால் போதும், நல்ல நர்சு ஆகிவிடலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் அந்த இரவை மறக்க வேண்டாம். கற்றுக்கொள்ளாத கை, அன்புள்ள கையானாலும், ஆபத்து வேளையில் வெறுங்கையே.

ஐடா அமெரிக்கா திரும்பி, 1895-ல் பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். 1898-ல் நியூயார்க்கில் கார்னெல் வைத்தியக் கல்லூரி தன் கதவைப் பெண்களுக்கும் திறந்ததும், அங்கே மாறி 1899-ல் பட்டம் பெற்றார். கிடைத்த இடமே போதுமென்று அவர் உட்கார்ந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1900-ல் வேலூர் வந்து ஒரு சிறு அறையில் வைத்தியம் தொடங்கினார். அவ்வாண்டே தகப்பனார் காலமானார். ஆனாலும் மனந்தளரவில்லை. நியூயார்க்குச் சீமான் ஒருவர் தம் மனைவியின் ஞாபகமாய்க் கொடுத்த பத்தாயிரம் டாலரைக்கொண்டு கட்டிய ஆஸ்பத்திரி 1902-ல் திறக்கப்பட்டது. அப்போதுதான் இன்னோர் உண்மை புலப்பட்டது. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இரவும் பகலும் நோயாளியருகில் இருப்பவள் தாதியே. கைதேர்ந்த தாதிகள் இல்லாத ஆஸ்பத்திரி பாதி ஆஸ்பத்திரிதான். ஆகவே 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார். பெண்களுக்கான வைத்தியப் பள்ளி 1918-ல்தான் வந்தது. தாதிப் படிப்பு முந்தியது, டாக்டர் படிப்பு பிந்தியது!

பிறர் உடம்பைத் தொட்டுக் கழுவும் வேலை, ராத்திரி வேலை என்று பெண்ணை அனுப்பக் குடும்பங்கள் தயங்கிய காலம் அது. அந்தப் பள்ளியே 1946-ல் கல்லூரியாக உயர்ந்து பட்டப்படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு முதன்முதலில் ஏற்பட்ட இடங்களுள் அது ஒன்று. அதே ஆண்டில் ஐடா அம்மையார் பொறுப்பிலிருந்து ஓய்ந்தார். 1960-ம் ஆண்டு மே 24-ந் தேதி கொடைக்கானலில், தம் 89-ம் வயதில் காலமானார்.

பெற்றோரே, இந்தச் சரித்திரத்தில் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நர்சிங் பள்ளிக்கு முன்பே வேலூரில் ஆஸ்பத்திரி இருந்தது. ஆகவே கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்குமுன், பிள்ளைகள் எந்த ஆஸ்பத்திரியில் பழகுவார்கள், அங்கே எத்தனை படுக்கை, பிரசவப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சில், மாநில நர்சுகள் கவுன்சில் ஆகியவற்றின் அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் இந்த ஆண்டுக்கு உண்டா என்று விசாரியுங்கள். அங்கீகாரமில்லாத இடத்தில் படித்தவள் நர்சாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. நகையை அடகு வைத்துக் கட்டிய பணமும் போகும், பிள்ளையின் நாலு வருஷமும் போகும்.

பி.எஸ்ஸி. நர்சிங் நாலு வருஷப் படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துத் தேறியிருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு விண்ணப்பம் கோரும்; கடைசித் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கல்லூரியை நம்பியிராமல் இரண்டு மூன்று இடங்களுக்கு விண்ணப்பிப்பது நல்லது. பட்டப்படிப்பில் இடம் கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். மூன்று வருஷ டிப்ளமா முடித்த நர்சுகள் பின்னர் இரண்டு வருஷம் படித்துப் பட்டம் பெற வழி உண்டு. ரசீதில்லாமல் பணமோ, அவசரப்பட்டு அசல் சான்றிதழோ யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுச் சம்பளத்தை நினைத்து இதில் சேர நினைத்தால் அது பாவமல்ல. வீட்டுக் கடன் தீர வேண்டியதுதான். ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் திண்டிவனத்து இரவை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஓர் இரவு உங்களுக்கும் வரும். யாரோ ஒருவர் கதவைத் தட்டுவார். அன்றைக்கு உங்கள் கை வெறுங்கையாக இராதபடி, நன்றாய்க் கற்றுத்தரும் இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

உங்கள் பங்குக் குரு