ஐந்தாண்டு பொறுத்த கழகம்

தோற்கும் கால்பந்துக் கழகம் தன் மேலாளரை நீக்க வேண்டுமா? விடுதி உணவுக்கூடத்தில் அடிக்கடி எழும் இவ்வழக்கில், நீக்குவதே முறை என்று வாதிட்டவன் நான். ஹெர்பர்ட் சாப்மனின் வாழ்வைப் படித்தபின் என் தீர்ப்பை மாற்றிக்கொண்டேன்.

1878-இல் இங்கிலாந்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் அவர். ஹடர்ஸ்ஃபீல்டு கழகத்தை 1924, 1925 ஆகிய ஈராண்டும் லீக் வாகை சூடவைத்துவிட்டு, லண்டன் ஆர்சனலுக்கு வந்தார். முதற் பருவத்தில் 2-ஆம் இடம். பின்னர்? 11, 10, 9, 14! 1927 கோப்பை இறுதியாட்டத்திலும் கார்டிஃபிடம் தோல்வி. ஆயினும் கழகத்தார் அவரைக் கைவிடவில்லை.

அவரும் வாளா இருந்தாரல்லர். 1925-இல் ஆஃப்சைடு விதி மாறியது. நியூகாசிலிடம் 7-0 என்று அடிவாங்கியதும், நடு ஆட்டக்காரரைப் பின்னுக்கிழுத்துக் காவலில் நிறுத்தினார். 1929-இல் அலெக்ஸ் ஜேம்ஸைச் சேர்த்தார். 14-ஆம் இடத்தில் நின்ற அதே பருவத்தில், 1930-இல், கோப்பை வந்தது. 1931, 1933-இல் லீக் வாகையும் வந்தது. 1934 ஜனவரி 6-இல் நிமோனியாவால் அவர் மறைந்தார். அப்பருவத்தையும் அடுத்ததையும் அவர் கட்டிய அணியே வென்றது.

தோற்பவரெல்லாம் சாப்மன் ஆகிவிடார், உண்மை. ஆனால், சோதனை முடியுமுன் குழாயைக் கவிழ்ப்பவன் எதையும் அறியான். அட்டவணையை மட்டும் பாராமல், தோல்வியிலிருந்து மேலாளர் கற்கிறாரா என்று பாருங்கள். கற்கிறார் எனில் பொறுங்கள்.