அட்டாரா கச்சேரியைக் கட்டியவர்

பெங்களூரில் கப்பன் பூங்காவின் ஓரத்தில், விதான சௌதாவுக்கு எதிரே, செந்நிறத்தில் நீண்டு நிற்கும் ஈரடுக்குக் கட்டடத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுவே கர்நாடக உயர் நீதிமன்றம். ஒக்கலிபுரத்திலிருந்து அது தொலைவில் இல்லை. மெஜஸ்டிக்கில் ஊதா வழித்தட மெட்ரோவில் ஏறினால், இரண்டாவது நிலையத்தில் இறங்கிவிடலாம்.

அக்கட்டடத்தின் பழைய பெயர் அட்டாரா கச்சேரி. அட்டாரா என்னும் இந்துஸ்தானிச் சொல்லுக்குப் பதினெட்டு என்பது பொருள். கச்சேரி என்றதும் இன்று நமக்கு இசை நிகழ்ச்சி நினைவுக்கு வரும். முற்காலத் தமிழிலோ, அச்சொல் அரசு அலுவலகத்தையும் குறித்தது. பதினெட்டு அரசுத் துறைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கியதால் இப்பெயர் அமைந்தது. இம்மாளிகையைக் கட்டும் பொறுப்பை ஏற்று முடித்தவர் ஒரு தமிழர். அவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார்.

நாராயணசாமி முதலியார் 1827ஆம் ஆண்டு எளிய குடும்பமொன்றில் பிறந்தார். அக்காலத்தில் பெங்களூர் இரண்டு ஊர்களாக இருந்தது. ஒன்று, கெம்பே கௌடர் அமைத்த பழைய பேட்டை. மற்றொன்று, 1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அல்சூர் ஏரியின் அருகே நிறுவிய படைப்பாளையம். பாளையம் வளர்ந்தபோது, வீரர்களாகவும் வணிகர்களாகவும் கட்டட வேலை செய்வோராகவும் தமிழர் பலர் அங்குக் குடியேறினர். அவர்களிடையே நாராயணசாமி முதலியார் வணிகத்தில் ஈடுபட்டு, உழைப்பால் உயர்ந்து, ஒப்பந்ததாரராகவும் புகழ் பெற்றார்.

மைசூர் நாட்டின் ஆட்சியை 1831ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தம் கையில் எடுத்துக்கொண்டனர். அரசு அலுவலகங்கள் பெங்களூர்க் கோட்டையிலிருந்த திப்பு சுல்தானின் அரண்மனையில் இயங்கின. நாளடைவில் அங்கு இடம் போதவில்லை. எனவே புதிய மாளிகை ஒன்றை எழுப்ப முடிவாயிற்று. 1864ஆம் ஆண்டு தொடங்கிய பணி 1868ஆம் ஆண்டு நிறைவுற்றது. பெங்களூரை ஜோலார்பேட்டையுடன் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் அதே 1864ஆம் ஆண்டில்தான்.

பெருஞ்செல்வம் ஈட்டியவர் அதனைத் தமக்கென மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தாம் கட்டிய மாளிகையில் எழுத்தராக அமர வேண்டுமாயினும் ஆங்கிலக் கல்வி வேண்டும். கட்டணம் செலுத்த இயலாத ஏழைப் பிள்ளைகளுக்கு அக்கல்வி எட்டாக்கனியாக இருந்தது. அக்குறையைப் போக்க, 1873ஆம் ஆண்டு பாளையத்தில் அவர் ஏழைகளுக்கான ஆங்கிலப் பள்ளி ஒன்றை நிறுவினார். அவருடைய அறப்பணிகளைப் பாராட்டி அரசு 1877ஆம் ஆண்டு ராய் பகதூர் என்னும் பட்டத்தை வழங்கியது. 1910ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அவர் எழுப்பிய மாளிகைக்கு 1980களில் ஆபத்து வந்தது. பழுதடைந்த அக்கட்டடத்தை இடித்துவிடலாம் என்னும் கருத்து எழுந்தது. நகரின் மரபைப் போற்றியோர் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். இடிப்பதற்கு எண்ணிய அதே கட்டடத்தில்தான் அவ்வழக்கும் நடந்தது. இறுதியில் கட்டடம் காக்கப்பட்டது. பின்புறத்தில் அதே தோற்றத்தில் புதிய பகுதியும் சேர்க்கப்பட்டது.

அவர் நிறுவிய கல்வி அறநிலையம் இன்றும் அல்சூர்ப் பகுதியில் பள்ளிகளையும் கல்லூரியையும் நடத்தி வருகிறது. ஆர்.பி.ஏ.என்.எம். என்னும் எழுத்துகளை அப்பகுதியின் பெயர்ப்பலகைகளில் காணலாம். ராய் பகதூர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்பதன் முதலெழுத்துகளே அவை. அவ்வழியாகச் செல்வோர் பலர் அவ்வெழுத்துகளை நாள்தோறும் படித்தும், அவற்றுக்குரிய பெயரை அறிவதில்லை. நீங்கள் இப்போது அறிவீர்கள்.

பயிற்சி

1. அட்டாரா கச்சேரி என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. புதிய மாளிகை தேவைப்பட்டது ஏன்?
3. நாராயணசாமி முதலியார் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நிறுவியதன் காரணம் யாது?
4. பழுதடைந்த பழைய கட்டடங்களை இடிப்பது நன்றா, காப்பது நன்றா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.
5. உம் வீட்டின் அருகிலுள்ள பழைய கட்டடம் ஒன்றைக் கட்டியவர் யார் எனப் பெரியோரிடம் கேட்டு எழுதி வருக.