சுண்ணாம்பில் நின்ற பெரும்பணி

தைப்பொங்கலைக் கதிரவனுக்குப் படைப்பது தமிழர் மரபு. கம்பம் பள்ளத்தாக்கிலோ, அந்நாளில் ஒரு பிரித்தானியப் பொறியாளரின் படத்திற்கு முன்னும் பொங்கல் வைக்கும் ஊர்கள் உண்டு. தேனியை அடுத்த பாலார்பட்டி அவற்றுள் ஒன்று. அப்பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுயிக் ஆவார்.

அவர் 1841 சனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். 1849இல் சிலியான்வாலாப் போரில் தந்தையையும் தமையனையும் ஒரே நாளில் இழந்தார். இங்கிலாந்தில் அடிஸ்கோம் படைக்கல்லூரியில் பயின்று, 1860இல் இந்தியா திரும்பிச் சென்னை மாகாணப் பொதுப்பணித்துறையில் பணியாற்றினார்.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் அவருக்கு முன்பே தோன்றியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதனை ஆராய்ந்தார். 1808இல் கால்டுவெல் என்னும் படை அலுவலர் இயலாதென ஒதுக்கினார். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் அத்திட்டத்தின் தேவையை மீண்டும் உணர்த்தியது. 1882இல் அதனைச் செம்மையாக வகுக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட, 1887இல் பணி தொடங்கியது.

அவர் தேர்ந்த கட்டுமுறையே இங்கு நாம் கருதத்தக்கது. நீரின் அழுத்தத்தை அணை தன் எடையாலேயே தாங்க வேண்டும் என்பது மேலைநாட்டுக் கணிதம் வகுத்த நெறி. அவ்வணைக்கு உடல் தந்ததோ இம்மண்ணின் கல்லும், காளவாயில் வெந்த சுண்ணாம்பும், சுட்ட களிமண் பொடியாகிய சுர்க்கியும் ஆகும். சுர்க்கி கலந்த சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும் இயல்புடையது. எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்பில் கலந்த பண்டை ரோமானியரும், செங்கற்பொடி கலந்த நம் கொத்தரும் கண்ட உண்மை ஒன்றே. 1,200 அடி நீளமும், அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் கொண்ட அணை இவ்வாறு எழுந்தது. பின்னாளில், 1979க்குப் பின், கான்கிரீட்டால் அது வலுவூட்டப்பட்டது.

வெள்ளம் தொடக்கக் கட்டுமானங்களை அடித்துச் சென்றது. காய்ச்சலும் காலராவும் தொழிலாளரைக் கொன்றன. எனினும் 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கிய நீர் சுருளியாற்றையும் வையையையும் அடைந்தது. இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலமாயிற்று.

மனைவியின் நகைகளையும் தம் சொத்தையும் விற்று அவர் அணை கட்டினார் என்பது கவியரங்குகளில் தவறாது ஒலிக்கும் செய்தி. அது மக்களின் நன்றியுணர்வு புனைந்த கதை. அணை எழுந்தது சென்னை அரசின் பணத்தில். அக்கதையை நீக்கினாலும் அவர் பெருமை குன்றாது. கற்றுவந்த கணக்கை இம்மண்ணின் பொருளோடு இணைத்ததும், வெள்ளத்திற்குப் பின்னும் அக்காட்டை விட்டு அகலாததுமே அப்பெருமைக்குப் போதும்.

பென்னிகுயிக் 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தில் மறைந்தார். அவருக்குக் கீழக்கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் உண்டு. கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, அக்காட்டிலேயே புதையுண்ட தொழிலாளர் பலருக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை. நம் கவிஞர்கள் இனிப் பாட வேண்டியவர்கள் அவர்களே.